பூங்கா நிலையம் முதல் தாம்பரம் வரை: ஒரு கிரிக்கெட் வழக்காடலின் வரலாறு

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய 1931 ஆம் ஆண்டில், மதராஸ் கிரிக்கெட் கிளப் தோன்றி 85 ஆண்டுகள் ஆகியிருந்தன. எனினும் அந்த ஆட்டத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமை நகரத்தின் சில தெருக்களுக்கும் சில குடும்பங்களுக்கும் உரியதாகவே அதுவரை இருந்து வந்தது. அந்த உரிமை தெற்கே பரவி, பரங்கிமலை, நங்கநல்லூர், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஆகிய புறநகர்களின் அன்றாடப் பேச்சாக மாறியதில் ரயிலுக்கும் செய்தித்தாளுக்கும் வானொலிக்கும் இருந்த பங்கு ஆட்டக்காரர்களின் பங்குக்குக் குறைந்ததன்று. அணியில் யாரைச் சேர்த்திருக்க வேண்டும், யாரிடம் தலைமையைக் கொடுத்திருக்க வேண்டும், ஒரே களத்தில் ஒருபோதும் சந்திக்காத இரு தலைமுறை வீரர்களில் யார் பெரியவர் என்று வழக்காடும் பழக்கத்தை வீண்பேச்சு என்று ஒதுக்குவோர் உண்டு. ஆனால் அந்தப் பேச்சுக்குள் ஒரு நீதியுணர்வும், சான்று கேட்கும் முறையும், தந்தையிடமிருந்து மகனுக்குக் கைமாறிய மனக்குறைகளும் அடங்கியிருப்பதால், அதற்கென்று ஒரு வரலாறு எழுதப்படுவது தகும்.

அவ்வரலாற்றின் தொடக்கம் புறநகரில் இல்லை; சேப்பாக்கத்தில் இருக்கிறது. மதராஸ் கிரிக்கெட் கிளப் 1846-இல் ஐரோப்பியரால் ஐரோப்பியருக்காகத் தொடங்கப்பட்டது. அங்கே இந்திய ஆட்டக்காரர்களுக்குச் சமமான இடம் இல்லாத நிலையில், புச்சி பாபு நாயுடு 1888-இல் மதராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவினார். இந்தியரும் ஐரோப்பியரும் மோதிய மாகாண ஆட்டம் அவர் எண்ணத்தில் உருவானது. 1908-இல் அவர் மறைந்த பின் அது வேரூன்றி, பொங்கலை ஒட்டி ஆடப்படும் திருவிழாவாகவே வளர்ந்து, 1952 வரை நீடித்தது. அந்த ஆட்டத்தில் அணித்தேர்வு என்பது விளையாட்டைத் தாண்டிய பொருள் கொண்டிருந்தது, ஏனெனில் தேர்ந்தெடுக்கப்படும் பதினொருவரும் ஆள்வோருக்கு எதிரே நிற்கப் போகிறவர்கள். ஆகவே தகுதியுள்ள ஒருவர் விடுபட்டால் அது பார்வையாளருக்குத் தம் சொந்த இழப்பாகவே பட்டது.

சென்னை ரசிகரின் முதல் பெரிய மனக்குறையும் அந்தக் காலத்திலேயே பிறந்தது. மாகாணங்களுக்கு இடையிலான ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் மதராஸுக்கும் மைசூருக்கும் இடையே தொடங்கி அன்றே முடிந்தது; எம். ஜே. கோபாலன் முதல் பந்தை வீசினார், ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 1936-இல் இங்கிலாந்துக்குச் சென்ற இந்திய அணியில் கோபாலனுக்கு இடம் கிடைத்தது. அதற்காக அவர் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி வாய்ப்பைக் கைவிட்டுப் போய், அங்கே ஒரு டெஸ்ட் ஆட்டத்தில்கூட இறக்கப்படாமல் திரும்பினார். சென்னையிலேயே பிறந்த சீக்கியரான ராம்சிங்குக்கோ வாழ்நாள் முழுவதும் அதிகாரபூர்வ டெஸ்ட் ஆட்டம் ஒன்றுகூட வாய்க்கவில்லை. ஒருவரை அழைத்துச் சென்று உட்காரவைத்ததும், மற்றவரை அழைக்காமலே விட்டதும் நகரத்தின் நினைவில் ஒன்றாகச் சேர்ந்து பதிந்தன. பின்னாளில் ராம்சிங்கின் புதல்வர்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் இந்தியாவுக்காக ஆடியபோது, தந்தைக்கு மறுக்கப்பட்டது பிள்ளைகளுக்குக் கிடைத்தது என்றே மூத்த ரசிகர்கள் பேசினர்.

இதே காலத்தில் தெற்குப் புறநகர் உருப்பெற்றுக்கொண்டிருந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் நகரத்தின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. குரோம்பேட்டையில் 1949-இல் மதராஸ் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. விடுதலைக்குப் பின் தலைமைச் செயலகம், ரயில்வே, வங்கிகள், காப்பீட்டு அலுவலகங்கள் ஆகியவற்றில் பணியாற்றியோர் நகர வாடகைக்கு அஞ்சிப் பாதையோரத்துப் புதிய குடியிருப்புகளில் மனை வாங்கினர். சீசன் டிக்கெட் எடுத்து நாள்தோறும் அதே வண்டியில், பெரும்பாலும் அதே பெட்டியில் ஏறிய இவர்களுக்கு, தாம்பரத்திலிருந்து கடற்கரை வரையிலான ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம் ஒரு நிலையான அவையாயிற்று. நேற்றுப் பேசி முடியாத வழக்கை இன்று அதே ஆட்களுடன் தொடர முடிந்தது என்பதே அந்த அவையின் தனிச்சிறப்பு. வேறெங்கும் விவாதத்துக்கு அத்தகைய தொடர்ச்சி கிடைப்பது அரிது.

அந்த ரயில் பாதைக்கு டெஸ்ட் கிரிக்கெட் மிக அருகில் வந்து சேர்ந்த காலம் ஒன்று உண்டு. அதைப் பலரும் மறந்துவிட்டனர். இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக அடைந்தது. வினு மன்கட் அந்த ஆட்டத்தில் 12 விக்கெட்டுகளைச் சாய்த்தார். அதன்பின் 1956 முதல் 1965 வரை சென்னையின் டெஸ்ட் ஆட்டங்கள் மூர் மார்க்கெட்டுக்குப் பின்புறமிருந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில், அதாவது பூங்கா ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்ச் சேரும் தொலைவில் நடைபெற்றன. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்து, 52 ஆண்டுகள் நிலைத்த உலகச் சாதனையை அங்கேதான் படைத்தனர். பல்லாவரத்து எழுத்தரும் தாம்பரத்து ஆசிரியரும் வண்டி மாறாமல் இறங்கி மைதானத்துக்குள் நுழைய முடிந்த அந்தப் பத்தாண்டு, செய்தித்தாளில் படித்தே பேசிவந்த புறநகர் ரசிகரை நேரில் கண்ட சாட்சியாக மாற்றியது. 1965 பிப்ரவரியில் கிண்டிப் பொறியியல் கல்லூரி மாணவர் எஸ். வெங்கட்ராகவன் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியதும் அதே களத்தில்தான். அதன்பின் 1967-இல் டெஸ்ட் ஆட்டம் சேப்பாக்கத்துக்கே திரும்பியது.

நேரில் கண்டவர் சொல்லுக்குத் துணையாக எழுத்துச் சான்றும் பெருகியது. 'தி இந்து' குழுமம் 1947 முதல் 1968 வரை நடத்திய 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' இதழும், அந்நாளிதழின் விளையாட்டுப் பகுதியை வளர்த்த எஸ். கே. குருநாதன் தொடங்கிய 'இந்தியன் கிரிக்கெட்' ஆண்டு மலரும் ஒவ்வொரு ரஞ்சி ஆட்டத்தின் முழு ஸ்கோரையும், ஒவ்வொரு வீரரின் சராசரியையும் வீட்டு அலமாரிக்குக் கொண்டுவந்தன. சராசரி என்பது மட்டையாளருக்கு ஒருமுறை ஆட்டமிழப்பதற்குள் அவர் சேர்க்கும் ஓட்டம், பந்துவீச்சாளருக்கு ஒரு விக்கெட்டுக்காக அவர் விட்டுக்கொடுக்கும் ஓட்டம். முன்னது கூடுதலாகவும் பின்னது குறைவாகவும் இருப்பது சிறப்பு. 'எனக்கு அப்படித் தோன்றுகிறது' என்ற பேச்சு 'மலரை எடுத்துப் பார்' என்ற பேச்சாக மாறியதில் குருநாதனின் உழைப்புக்குப் பெரும் பங்குண்டு. அவருக்கு இந்த ஊர் இன்னும் உரிய நன்றியைச் செலுத்தவில்லை. வானொலியில் ஆங்கில வர்ணனை செய்த பாலு அளகனான், 1954-55-இல் மதராஸ் அணி முதன்முறை ரஞ்சிக் கோப்பையை வென்றபோது அதன் தலைவராக இருந்தவர். ஆட்டத்தை உள்ளிருந்து அறிந்தவரின் குரலே கேட்பவருக்குப் பாடமாயிற்று. பிற்காலத்தில் அப்துல் ஜப்பார் போன்றோர் தமிழில் வர்ணிக்கத் தொடங்கிய பின், ஆங்கிலச் செய்தித்தாள் படிக்காத வீடுகளும், முக்கியமாக அவ்வீடுகளின் பெண்களும், இந்த வழக்காடலில் குரல் பெற்றனர்.

அணித்தேர்வைப் பற்றிய சினம் எங்கிருந்து வந்தது என்பதை அறிய, அன்றைய தேர்வு முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாடு வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என ஐந்து மண்டலங்களாகப் பகுக்கப்பட்டு, மண்டலத்துக்கு ஒருவராகத் தேர்வாளர்கள் அமர்ந்த குழுவே பல பத்தாண்டுகள் இந்திய அணியை அமைத்தது. சென்னை, மைசூர், ஐதராபாத், ஆந்திரம், கேரளம் அனைத்தும் தெற்கு மண்டலத்தில் அடங்கின. எனவே சென்னை வீரரின் இடத்துக்குப் போட்டி பம்பாயிலிருந்து வந்ததைப் போலவே பெங்களூரிலிருந்தும் வந்தது. லெக் ஸ்பின்னர் வி. வி. குமார் 1961 பிப்ரவரியில் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிரான தம் முதல் டெஸ்டில் 7 விக்கெட்டுகளை வீழ்த்தியவர்; அதன்பின் அவருக்கு இன்னும் ஒரே ஒரு டெஸ்ட்தான் கிடைத்தது, அவருடைய இடத்தைச் சில ஆண்டுகளில் மைசூரின் பி. எஸ். சந்திரசேகர் நிரப்பினார். சந்திரசேகரின் மேதைமையை மறுப்பார் இல்லை. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் குமாருக்கு ஏன் இடமில்லை என்ற கேள்விக்கு விடை சொல்லப்படவே இல்லை.

இவ்வழக்குகள் அனைத்திலும் நீண்டது வெங்கட்ராகவன், எரபள்ளி பிரசன்னா என்ற இரு ஆஃப் ஸ்பின்னர்களைப் பற்றியது. வலக்கை மட்டையாளருக்கு வெளியே விழுந்து உள்ளே திரும்பும் பந்தே ஆஃப் ஸ்பின். பிரசன்னா அதைக் காற்றில் மிதக்கவிட்டு மட்டையாளரை முன்னே இழுத்து ஏமாற்றியவர். வெங்கட் தட்டையாகவும் துல்லியமாகவும் வீசி ஓட்டத்தைக் கட்டியவர், மட்டைக்கு அருகில் நின்று அரிய கேட்சுகளைப் பிடித்தவர், பின்வரிசையில் பயனுள்ள ஓட்டங்களைச் சேர்த்தவர். 1969 டிசம்பரில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகப் பிரசன்னா 10 விக்கெட்டுகளைச் சாய்த்ததைச் சென்னை ரசிகர் கண்ணால் கண்டார். ஆனால் 1971-இல் மேற்கிந்தியத் தீவுகளில் இந்தியா முதன்முறை தொடரை வென்றபோது, துணைத்தலைவர் வெங்கட் 22 விக்கெட்டுகளுடன் இந்தியப் பந்துவீச்சாளர்களில் முதலிடம் பெற்றார். அதே ஆண்டு இங்கிலாந்தில் மூன்று டெஸ்டுகளிலும் அவரே ஆட, பிரசன்னா வெளியே அமர்ந்திருந்தார். இருவரில் மேலான பந்துவீச்சாளர் பிரசன்னாவே என்பதைப் பதிவேடும் ஒப்புக்கொள்கிறது: அவர் 49 டெஸ்டுகளில் 30.38 சராசரியில் 189 விக்கெட்டுகள், வெங்கட் 57 டெஸ்டுகளில் 36.11 சராசரியில் 156 விக்கெட்டுகள். வெங்கட்டுக்குச் சாதகமாக இருந்தவை பீல்டிங்கும் மட்டையும் கட்டுப்பாடும். அணித்தலைவர் அஜித் வாடேகர் அவற்றை விரும்பினார் என்பதே அந்நாளில் பொதுவாகச் சொல்லப்பட்ட விளக்கம். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்வது பின்னர் வரும் வழக்குக்குத் தேவைப்படும்.

அநீதி நிகழ்ந்தது வேறோர் இடத்தில். 1974 டிசம்பரில் அணித்தலைவர் பட்டோடி காயமுற்றதால் டெல்லி டெஸ்டுக்கு வெங்கட் தலைவராக்கப்பட்டார். அடுத்த கல்கத்தா டெஸ்டில் அவருக்கு ஆடும் பதினொருவரிலேயே இடமில்லை. 1975, 1979 உலகக் கோப்பைகளிலும், 1979 இங்கிலாந்து டெஸ்ட் தொடரிலும் அணியை வழிநடத்திய அவருக்கு, அத்தொடர் முடிந்து தாயகம் திரும்பும் விமானத்திலேயே தலைமை கவாஸ்கருக்கு மாற்றப்பட்ட அறிவிப்பைக் கேட்க நேர்ந்தது. ஒருவரை நீக்கும் அதிகாரம் தேர்வாளருக்கு உண்டு. நீக்கும் முறையில் காட்டவேண்டிய மரியாதை அங்கே இல்லை. தென்சென்னை ரசிகர் அணி நிர்வாகத்தைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கக் கற்றது பெரும்பாலும் இந்த இரு நிகழ்ச்சிகளால்தான். 1989-இல் பாகிஸ்தான் சென்று நான்கு டெஸ்டுகளையும் தோல்வியின்றி முடித்துத் திரும்பிய கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த், அடுத்த பயணத்துக்குத் தலைமையை மட்டுமன்றி அணியில் இடத்தையும் இழந்தபோது பழைய புண் மீண்டும் திறந்தது. அவரும் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்தவரே. பிற்காலத்தில் அவர் தேர்வுக் குழுத் தலைவரானார்; 2011 உலகக் கோப்பையை வென்ற அணியைத் தேர்ந்தெடுத்தது அவர் தலைமையிலான குழுதான்.

தன் ஊரின் முடிவுகளையும் இந்த ரசிகர் கூட்டம் விட்டுவைத்ததில்லை. 1972-73 ரஞ்சி இறுதியாட்டத்துக்குச் சேப்பாக்கத்தில் பந்து பெரிதும் திரும்பும் ஆடுகளம் அமைந்தது. வெங்கட்டும் குமாரும் பம்பாயை 151-க்கும் 113-க்கும் சுருட்டினர். ஆனால் எதிரணியில் பத்மாகர் சிவால்கர் இருந்தார். தமிழ்நாடு 80-க்கும் 61-க்கும் ஆட்டமிழந்து, மூன்றாம் நாளின் முதல் பந்திலேயே ஆட்டம் முடிந்தது. சிவால்கர் 34 ஓட்டங்களுக்கு 13 விக்கெட்டுகள் எடுத்திருந்தார். தன் பலத்துக்காக விரிக்கும் களம் எதிரியின் பலத்துக்கும் பயன்படும் என்ற பாடத்தை, அணி வியூகம் என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன்பே சென்னை கற்றுக்கொண்டது. அந்தச் சிவால்கரும், பிஷன் சிங் பேடி என்ற பெருவீரர் தம் காலத்தில் இருந்ததால், ஒரு டெஸ்ட்கூட ஆடாமல் ஓய்வுபெற்றார் என்பதை எண்ணும்போது, 'மதராஸ்காரன் என்பதால் ஒதுக்கினார்கள்' என்ற பழைய குற்றச்சாட்டின் வலு குறைகிறது. பம்பாயில் பிறந்தவருக்கும் நேர்ந்த கதி அது. குமாருக்கும், 1987-88-இல் தமிழ்நாட்டுக்கு இரண்டாவது ரஞ்சிக் கோப்பையை வென்று தந்த தலைவர் எஸ். வாசுதேவனுக்கும் எதிராக நின்றது ஊர்ப்பகை என்பதைவிட, ஒரே காலத்தில் சுழற்பந்து வீச்சாளர்கள் மிகுந்திருந்த நெருக்கடியும், ஒருமுறை நிலைபெற்றவரை எளிதில் மாற்றத் துணியாத தேர்வாளர் மனமும் என்று கொள்வதே பொருந்தும்.

காலம் கடந்த ஒப்பீடு இதனினும் கடினமானது. 1975 ஜனவரியில் ஆண்டி ராபர்ட்ஸ் 64 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டுகளைப் பறித்த சேப்பாக்கம் இன்னிங்ஸில், மொத்தம் 190 ஓட்டங்களில் ஜி. ஆர். விஸ்வநாத் மட்டும் ஆட்டமிழக்காமல் 97 எடுத்தார். துணைநின்று ஆட ஆளில்லாமல் சதம் தவறியது, ஆனால் இந்தியா ஆட்டத்தை வென்றது. 1983 டிசம்பரில் கவாஸ்கர் அங்கே ஆட்டமிழக்காமல் 236 எடுத்துத் தம் முப்பதாவது சதத்தை நிறைவு செய்தார். 1999 ஜனவரியில் டெண்டுல்கர் முதுகுவலியோடு 136 எடுத்தும் பாகிஸ்தானிடம் 12 ஓட்டங்களில் தோல்வி வந்தது, அன்று சேப்பாக்கம் எழுந்து நின்று எதிரணிக்குக் கைதட்டியது. 2008-இல் சேவாக் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 319 எடுத்தார். இந்த நான்கில் மிகச் சிறியது விஸ்வநாத்தின் எண்ணிக்கை. எனினும் அதை நேரில் கண்ட தலைமுறையினர் பலர் அதையே முதலிடத்தில் வைத்தனர், அத்தீர்ப்பு சரியானது. எதிரே நின்ற பந்துவீச்சின் தரம், களத்தின் தன்மை, மறுமுனையில் கிடைத்த துணை, ஆட்டத்தின் முடிவு ஆகிய நான்கையும் நிறுத்துப் பார்த்தால், நூறுகூட ஆகாத அந்த 97 மற்ற மூன்றையும் விட உயர்ந்து நிற்கிறது.

இதே நிறுவையில்தான் வெங்கட்டையும் ஆர். அஷ்வினையும் வைக்க வேண்டும். மேற்கு மாம்பலத்தில், அதாவது அதே ரயில் பாதையின் ஓரத்தில் வளர்ந்து, காலவாக்கத்துப் பொறியியல் கல்லூரியில் படித்த அஷ்வின், 2011 முதல் 2024 வரை 106 டெஸ்டுகளில் 24.00 சராசரியில் 537 விக்கெட்டுகளும் ஆறு சதங்களும் எடுத்தார். வெங்கட் 18 ஆண்டுகளில் ஆட நேர்ந்த டெஸ்டுகள் 57 மட்டுமே. அவர் காலத்தில் முன்காலை நீட்டிப் பந்தைக் காலணைப்பட்டையில் வாங்கிய மட்டையாளருக்கு எதிராக எல்பிடபிள்யூ கொடுக்க நடுவர்கள் தயங்கினர். அஷ்வின் காலத்திலோ நடுவரின் முடிவைப் பந்தின் பாதையைக் கணிக்கும் கருவி கொண்டு மேல்முறையீடு செய்யும் டிஆர்எஸ் முறை வந்து, சுழற்பந்து வீச்சாளருக்குப் புதிய வழி திறந்தது. இச்சலுகைகளை எல்லாம் கழித்தாலும் ஒப்பீடு முடிந்துவிடுவதில்லை, ஏனெனில் ஒவ்வொருவரையும் அவரவர் காலத்துச் சகாக்களோடு முதலில் ஒப்பிட வேண்டும்: வெங்கட்டின் சராசரி அவர் காலத்துப் பிரசன்னா, பேடி, சந்திரசேகர் மூவரைவிடவும் பின்தங்கியது, அஷ்வினுடையதோ அவர் காலத்தின் மற்றொரு பெரிய ஆஃப் ஸ்பின்னரான ஆஸ்திரேலியாவின் நேதன் லயனுடையதை விடத் தெளிவாக மேலானது. அஷ்வினே பெரிய பந்துவீச்சாளர் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

ஆயினும் அணி நிர்வாகத்தைப் பற்றிய வழக்கு அத்துடன் தீரவில்லை. 2021-இல் இங்கிலாந்து அணிக்கு எதிராக அங்கே நடந்த நான்கு டெஸ்டுகளிலும், 2022-இல் அங்கே ஆடிய ஒத்திவைக்கப்பட்ட ஐந்தாவதிலும், 2023-இல் ஓவல் மைதானத்தில் நடந்த உலக டெஸ்ட் இறுதியாட்டத்திலும் அஷ்வின் வெளியே அமர்த்தப்பட்டார். ஒரே சுழற்பந்து வீச்சாளருக்கான இடம் மட்டையாலும் பீல்டிங்காலும் கூடுதல் பயன் தருபவர் என்று கருதப்பட்ட ரவீந்திர ஜடேஜாவுக்குச் சென்றது. தென்சென்னை கொதித்தது, ஜடேஜா அப்போது ஐபிஎல்லில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் வீரராக இருந்ததால் அந்தக் கொதிப்பில் ஒரு சங்கடமும் கலந்திருந்தது. ஆனால் 1971-இல் மேலான ஆஃப் ஸ்பின்னரை உட்காரவைத்து வெங்கட்டுக்கு இடம் தந்ததும் இதே நியாயம்தான். அன்று அந்த நியாயத்தைச் சென்னை கேள்வி கேட்கவில்லை; பிரசன்னாவின் ஊரான பெங்களூர் கேட்டது. விக்கெட் எடுப்பவரைத் துணைத் திறமைகளுக்காக விலக்குவது தவறு என்றால், அது இரு ஆண்டுகளிலும் தவறே. அந்த நேர்மையோடு வழக்காடும் ரசிகரே 2021-இன் குறையைச் சொல்லும் தகுதி பெறுகிறார்.

ஐபிஎல் வந்த 2008-க்குப் பின் விவாதத்தின் பொருள் மாறியது. உரிமையாளர்கள் ஒரு தொகை வரம்புக்குள் விலைகேட்டு வீரர்களைச் சேர்க்கும் ஏலமுறை, தேர்வாளரின் அறையில் நடந்ததைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. யாரை எந்த விலைக்கு வாங்கியிருக்கலாம் என்று ஒவ்வொரு வீடும் கணக்குப் போட்டது. சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் உரிமையாளர் நிறுவனத் தலைவரே கிரிக்கெட் வாரியப் பொறுப்பிலும் இருந்தது பற்றிய வழக்கும் சூதாட்டப் புகாரும் உச்ச நீதிமன்றம் வரை சென்றன; அந்நீதிமன்றம் அமைத்த லோதா குழு 2015-இல் அந்த அணியை இரண்டாண்டு இடைநிறுத்தியது. அது நீங்கித் திரும்பிய 2018-இல் காவிரிப் போராட்டத்தால் ஒரே ஓர் ஆட்டத்துக்குப் பின் சொந்த மைதானம் இழந்தபோதும், அணி கோப்பையை வென்றது. 2022-இல் தலைமை தோனியிடமிருந்து ஜடேஜாவுக்குப் போய், எட்டே ஆட்டங்களில் திரும்பி வந்ததைப் பற்றி வெங்கட்டின் கதையை அறிந்தவர்கள் வேறுவிதமாகப் பேசினர்: தலைமை மாற்றத்தில் ஒரு வீரர் பட்ட சிறுமையே அவர்கள் கண்ணில் முதலில் பட்டது.

இன்று பறக்கும் ரயில் வேளச்சேரியிலிருந்து சேப்பாக்கம் நிலையத்துக்கே கொண்டுபோய் விடுகிறது. ஸ்கோர் விவரம் கைப்பேசியில் நொடியில் கிடைக்கிறது. ஆனால் 1956 முதல் 1980-கள் வரையிலான இந்த வழக்காடலின் சான்றுகள், அதாவது நாளிதழ் நறுக்குகள் ஒட்டப்பட்ட நோட்டுப் புத்தகங்கள், வானொலி கேட்டபடியே கையால் எழுதப்பட்ட ஸ்கோர் ஏடுகள், பழைய ஆண்டு மலர்கள், டெஸ்ட் நுழைவுச்சீட்டுகள் ஆகியவை நங்கநல்லூரிலும் குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் பழைய வீடுகள் இடிபட்டு அடுக்குமாடிகள் எழும் வேளையில் பழைய பேப்பர் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற காப்பகங்கள் அவற்றைக் கேட்டுப் பெற முன்வர வேண்டும். வீட்டில் அத்தகைய ஓர் ஏடு வைத்திருப்பவர்கள் அதை எடைக்குப் போடுமுன் ஒரு நூலகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும்.